தடி முறிக்கப் போன பெடியன்

எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவருக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கனடா, லண்டன், சுவிஸ், கொழும்பு, ஊர் எல்லாம் சேர்த்து எண்பத்துச் சொச்சம் பேர். விடிய எழும்பினால் ஒரு முருகன் படம், இரவானால் யாரோ தோண்டி எடுத்த பழைய வகுப்புப் படம். மாதத்தில் ஒருதரமாவது ஒருவர் அந்த வசனத்தை எழுதுவார்: "அண்டைக்கு சேர் போட்ட அடிதான்ரா இண்டைக்கு எங்களை மனிசராக்கினது." உடனே கைகூப்புகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழும். நானும் ஒருதடவை கைகூப்பியிருக்கிறேன்.

போன வருசம் ஆண்டுவிழா மலருக்கு 'இனிய பள்ளி நினைவுகள்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கத்தில் நிற்கவும் இல்லை, முழுக்க இனிமையாக வரவும் இல்லை. மலருக்கு வேறொன்றை எழுதிக் குடுத்துவிட்டேன். இது அந்த மற்றது.

நான் யாழ்ப்பாண நூலகம் எரிந்த வருசம் பிறந்தவன், 1981. முதலாம் வகுப்புக்குப் போனது 1987 இல். அந்த ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது எங்கட பள்ளிக்கூடம் அகதி முகாமாயிற்று. பள்ளிக்கூடம் பற்றிய என் முதல் தெளிவான ஞாபகமே பாடம் அல்ல; முதலாம் வகுப்பு விறாந்தையில் மூன்று கல்லு வைத்து யாரோ ஒரு ஆச்சி கஞ்சி காய்ச்சினதுதான். திரும்பப் பள்ளிக்கூடம் தொடங்கினபோது சுவரில் அடுப்புக் கரி அப்பிக்கிடந்தது. அதிலேயே ரீச்சர் விரலால் 'அ' எழுதிக் காட்டினா. கரியில் எழுதினால் வெள்ளையாக வரும் என்பது அப்போது எங்களுக்குப் பெரிய அதிசயம்.

1990 நடுவில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. மின்சாரம் போயிற்று. போனது போனதுதான், நான் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்வரை அது வரவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி, எழுதுகிற தாள் எல்லாம் ஒன்றில் வராது, வந்தால் விலை வானத்தில் நிற்கும். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்கட தலைமுறைக்கு வாய் ஓயாது. ஒரு ஜாம் போத்தல், அதன் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் ஒரு திரி. இவ்வளவுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் கொப்பியின் ஒரு பக்கம் மட்டும் தெரியும், மறுபக்கத்துக்கு விளக்கை நகர்த்த வேண்டும். விடிய முகம் கழுவினால் மூக்குக்குள் கரி வரும். பாட்டுக் கேட்கவேணுமெண்டால் சைக்கிளைக் கவிட்டுப்போட்டுப் பெடலைச் சுத்தி டைனமோவில் ரேடியோ போடுவம். ஒருத்தன் சுத்த மற்றவை கேட்பினம். சுத்துகிறவன் களைத்தால் பாடகருக்கும் களை வந்துவிடும்.

சவர்க்காரம் இல்லாத நாட்களில் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம். வெள்ளைச் சட்டை வெள்ளையாக வராது, ஒரு மங்கல் மஞ்சளில் நிற்கும். கொடியில் காயப்போட்ட சட்டையை மணத்துக்கு மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். பாதிக் கை இல்லாத சட்டையோடு வந்து "மாடு திண்டிட்டுது சேர்" என்றால் அது பொய் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

விமானங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேணும். பிளேனின் இரைச்சலைக் கேட்டே எது என்று சொல்லுகிற ஆற்றல் எட்டு வயதிலேயே எங்களுக்கு இருந்தது. சியாமாசெட்டி என்றால் குத்திக்கொண்டு வரும், ஓடவேணும். சகடை என்றால் உயரத்தில் ஆறுதலாக உழன்றுகொண்டு நிற்கும், எங்கே போடும் என்று அதற்கே தெரியாது. புக்காரா பிறகு வந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ரீச்சர் திடீரென்று பேச்சை நிறுத்தி ஓட்டைப் பார்ப்பா. நாங்களும் பார்ப்பம். யாராவது ஒருத்தன் மெல்லமாகச் சொல்லுவான்: "ஹெலி ரீச்சர். தூர." பாடம் தொடரும்.

படிப்பு நின்றதா என்றால் இல்லை. அதுதான் ஆச்சரியம். புதுப் பாடப்புத்தகம் வந்து சேராத வருசத்தில் எங்கட தமிழ் ரீச்சர் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, பாடம் முழுவதையும் கையால் பிரதிபண்ணி வாங்குக்கு ஒன்றாகத் தந்தா. அவவின்ர எழுத்தில் படித்த கதைகள் இப்பவும் அந்த எழுத்திலேயே எனக்கு ஞாபகம் வரும். பின்னேரங்களில் வேப்பமரத்துக்குக் கீழ் ரியூசன். நவராத்திரிக்கு வாணிவிழா, அவலும் கடலையும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சோடனைக் கடதாசி இல்லையென்று குருத்தோலையால் முழு மைதானத்தையும் சோடித்தோம்; கடதாசியைவிட வடிவாக இருந்தது என்று இப்பவும் அடித்துச் சொல்லுவேன்.

இன்னுமொன்று. அந்த வருசங்கள் முழுக்க எங்கட ஆசிரியர்களின் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது. சாதாரண தரப் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் கொழும்பின் பரீட்சைகள்தான். நாங்கள் இருந்தது புலிகளின் கட்டுப்பாட்டில். மேலே பறந்தது அரசாங்கத்தின் விமானம். கீழே அதற்குப் பயந்து பதுங்கிக்கிடந்த பள்ளிக்கூடத்துக்கும் அதே அரசாங்கம் சம்பளம் குடுத்தது. 1945 இல் கன்னங்கராவின் காலத்தில் வந்த இலவசக் கல்வி, முப்பது வருசப் போருக்குள்ளும் அறுந்துபோகாமல் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவும் அப்படியொரு அரசாங்கச் சம்பளக்காரர். கந்தோரில் கிளார்க். சம்பளம் பிந்தி வரும், ஆனால் வரும். அதனால் எங்கட வீட்டு ஜாம் போத்தலில் எண்ணெய் இருந்தது.

இது முக்கியம். கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஏழாம் வகுப்பிலிருந்து நான் மொனிற்றர். எங்கட கணக்குச் சேர் நல்ல படிப்பாளி. எந்தக் கணக்கையும் மூன்று விதமாகச் செய்து காட்டுவார். பொம்பர் சுத்துகிற நாளிலும் நாலு மைல் சைக்கிள் மிதித்து நேரத்துக்கு வந்து நிற்பார். அடிக்கவும் அடிப்பார். விடிய வந்தவுடன் வீட்டுக்கணக்குக் கொப்பிகளைச் சேர்த்து அடுக்குவது என்ர வேலை. கொப்பி தராதவர்களின் பெயரைக் கரும்பலகையின் மூலையில் எழுதுவதும் என்ர வேலை. அவர் வந்து மூலையைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். நான் எழும்பிப்போய் வளவு மூலையில் நின்ற பூவரசில் தடி முறித்துக்கொண்டு வருவேன்.

பூவரசந்தடியில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரைக்காய்ச்சலாய்க் காய்ந்த கொப்பு என்றால் இரண்டாவது அடியிலேயே முறிந்துவிடும். பச்சையாய், நெட்டாய், சின்னிவிரல் மொத்தத்தில் இருந்தால் முறியாது, சுழட்டும். முதலில் கொஞ்ச நாள் நான் காய்ந்ததாகப் பார்த்து முறித்துக்கொண்டு போனேன். ஒருநாள் அது அவரின் கையிலேயே முறிந்துவிட்டது. "மொனிற்றருக்குத் தடி முறிக்கத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டு, மிஞ்சின துண்டால் எனக்கு உள்ளங்கையில் இரண்டு போட்டார். அதற்குப் பிறகு நான் நல்ல தடியாகத்தான் கொண்டுபோனேன்.

இந்த மொனிற்றர் வேலைக்குப் பெரிய வரலாறு இருக்கிறது, பிறகுதான் வாசித்து அறிந்தேன். எங்கட திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அவனுக்குப் பெயர் சட்டாம்பிள்ளை. வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர், ஆகவே மூத்த பிள்ளை இளையதுகளுக்கு மணலில் எழுதப் பழக்குவான், ஒப்புவிக்கக் கேட்பான், பிழைவிட்டவனை வாத்தியாருக்குக் காட்டிக்குடுப்பான். 1789 இல் மதராசில் படையினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தன்ர பள்ளியிலும் அதைப் பழக்கினார். பிள்ளைக்குப் பிள்ளையே படிப்பிக்கவும் வைத்தார். ஊருக்குத் திரும்பி 1797 இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயர் 'மதராஸ் முறை'. காசு குறைந்த இடத்தில் நிறையப் பிள்ளைகளைப் படிப்பிக்க வசதியான வழி என்று அது பரவியது, பிறகு கப்பலேறி குடியேற்ற நாடுகளின் பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. திண்ணையிலிருந்து போன சட்டாம்பிள்ளை மொனிற்றராகத் திரும்பி வந்தான். கையில் இருந்த பெயர்ப்பட்டியல் மட்டும் மாறவில்லை.

அடியும் அப்படித்தான். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லித் தப்பேலாது. திண்ணைப் பள்ளியில் கோதண்டம் என்று ஒரு தண்டனை, பிள்ளையின் கையைக் கயிற்றில் பிணைத்து முகட்டில் தொங்கவிடுவது. மிஷன் பள்ளிக்கூடத்துப் பிரம்பு அதற்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். 1816 இல் வந்த அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினறி வைத்தது, நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார், 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் வந்து ஊரூராய்ப் பள்ளிக்கூடம் கட்டியது. எங்கட ஆக்கள் பெருமையாய்ச் சொல்லுகிற வரலாறு இது, பெருமைப்படத் தக்கதும்தான். ஆனால் அந்தப் பெருமைக்குள் வாங்கு யாருக்கு, நிலம் யாருக்கு என்ற கேள்வியும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றார்கள், உள்ளே விட்டாலும் நிலத்தில் இருந்தார்கள். 1920களின் கடைசியில் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளையும் சமமாக இருக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. சமஆசனம். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர் அதற்காக நின்றார்கள். அதை எதிர்த்து மனுப் போட்டவர்களும் இருந்தார்கள், அப்படிப் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் இருந்தார்கள். நூலகம் எரிந்ததைப் பற்றி நாங்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறம். இந்தக் கொட்டில்கள் எரிந்ததைப் பற்றி எழுதினது குறைவு.

என் காலத்தில் எல்லாரும் வாங்கில்தான் இருந்தோம். ஆனால் கடைசி வாங்கில் யார் இருந்தது என்று இப்போது யோசித்தால் ஒவ்வொரு முகமாகச் சொல்லுவேன். யாரும் அங்கே இரு என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அவன் அந்த வாங்குதான். தகப்பன் சீவல் தொழில். வயதுக்கு மிஞ்சின உடம்பு, பேச்சுக் குறைவு. 1993 மாரியில் எங்கட பள்ளிக்கூடத்துப் பங்கரின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. பெரிய வகுப்புப் பெடியளோடு அவனையும் மண்வெட்டி பிடிக்க விட்டார்கள். மூன்று நாள் வகுப்புக்கு வராமல் பங்கர் வெட்டினான். 'ட' வடிவில் வெட்டி, பனங்குத்தி அடுக்கி, மேலே மண்மூட்டை. தகப்பனே வந்து குத்தி ஏற்றிக்குடுத்தார். அதற்குள் நாங்கள் எத்தனையோதரம் ஓடிப் பதுங்கியிருக்கிறோம். ஒருதடவை மைதானத்துக்கு அங்கால விழுந்த குண்டில் வகுப்பு ஓடெல்லாம் கொட்டுண்டது. பங்கருக்குள் தலையில் மண் மட்டும்தான் சொரிந்தது.

பங்கர் வெட்டின அந்த மூன்று நாள் வீட்டுக்கணக்கும் அவன் செய்யவில்லை. கரும்பலகை மூலையில் நான் அவன்ர பெயரை எழுதினேன்.

அவன்ர பெயர் அந்த மூலையில் கிழமைக்கு மூன்று நாளாவது இருக்கும். அடிவாங்கும்போது கையை இழுக்கமாட்டான், அதனால் சேருக்கு இன்னும் கோபம் வரும். 1994 இல் ஒருநாள் சேர் அதிசயமாகக் காரணம் கேட்டார். "ஏன்ரா செய்யேல்லை?"

"எண்ணெய் இல்லை சேர்."

"கொப்பர் கள்ளு விக்கிற காசில எண்ணெய் வாங்கேலாதோ?"

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். தடி என் கையில் இருந்தது, இன்னும் குடுக்கவில்லை. அவன் சிரித்த எல்லாரையும் பார்க்கவில்லை. ஒருதரம் என்னைப் பார்த்தான்.

அடுத்த நாள் வரவில்லை. இடாப்பில் பெயர் கூப்பிடும்போது "வரேல்லை" என்று சொல்லவேண்டியது மொனிற்றர். கொஞ்ச நாள் சொன்னேன். பிறகு ஒருநாள் சிவப்புப் பேனையால் பெயரில் கோடு இழுத்தாயிற்று. அந்த நாட்களில் ஒரு பெடியன் வராமல் விட்டால் எல்லாரும் நினைப்பது ஒன்றைத்தான்: இயக்கத்துக்குப் போய்விட்டான். எங்கட வகுப்பிலிருந்து அப்படிப் போனவையும் உண்டு, வீதி நாடகமும் பிரச்சாரக் கூட்டமும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நடந்த காலம். இவனும் அப்படித்தான் என்று நாங்களாக முடிவுகட்டிக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

1995 செப்டம்பர் 22 ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் செத்தார்கள். செய்தி வந்த அன்று எங்கட பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் நடக்கவில்லை. பெற்றோர் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கணக்குச் சேர் வகுப்பில் தனிய இருந்து அழுததை யன்னலால் பார்த்தேன். அவருக்கும் எங்கட வயதில் ஒரு பெடியன். இதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றி நான் சொல்லுவது பாதிதான்.

ஐந்து கிழமையில் ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழைக்குள், இலட்சக்கணக்கான சனம். அரை மைல் நகர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். என்ர சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, அதற்கு மேல் பொலித்தீனால் சுற்றின என் புத்தகங்கள். செம்மணிப் பக்கத்தில் சனம் நெரிந்து அசையாமல் நின்ற ஒரு இடத்தில், பக்கத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றவன் திரும்பினான். அவன். இயக்கத்திலும் இல்லை, ஒன்றிலும் இல்லை. கரியரில் தாய், காலில் பிளாஸ்ரர். பொலித்தீன் பொதியைப் பார்த்தான்.

"மொனிற்றர், புத்தகமெல்லாம் எடுத்தனியோ?"

நக்கல் இல்லை. உண்மையாகத்தான் கேட்டான். நான் ஓம் என்று தலையாட்டினேனா என்பதுகூட நினைவில்லை. சனம் நகர்ந்தது.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் அவர்களுக்கு, பின்னேரம் எங்களுக்கு என்று வகுப்பு நடந்தது. அடுத்த வருசம் சித்திரைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பினோம். 1997 இல் சாதாரண தரம். பிறகு கம்பஸ், பிறகு வேலை. அதெல்லாம் எல்லாருக்கும் உள்ள கதை.

2005 இல் கல்வி அமைச்சு 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் பள்ளிக்கூடங்களில் உடல்ரீதியான தண்டனையைத் தடுத்தது. 2021 இல் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்து காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனுக்கு அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்புச் சொல்லி நட்டஈடு குடுக்கச் சொன்னது. இதை நான் எங்கட வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "அதுதான் இப்பத்தைப் பிள்ளையள் இப்பிடிக் கிடக்குதுகள்" என்று ஒருவர். கீழே பதினொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

எனக்கு ஒன்று விளங்கியது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் அடிவாங்கியும் நின்றுபிடித்தவர்கள். அடியால் போனவர்கள் அதில் இல்லை. சாதாரண தரம் எழுதாதவர்களைப் பழைய மாணவர் பட்டியலில் சேர்க்கிற வழக்கமும் எங்கட சங்கத்துக்கு இல்லை. "எந்த பட்ச் எண்டு போடுறது?" என்று செயலாளர் கேட்டார். ஞாயமான கேள்வி.

அவன்ர நம்பரை எடுக்க மூன்று மாதம் பிடித்தது. வன்னியில் மேசன் வேலை, சொந்த வீடு, மூத்த மகள் உயர்தரம் கணிதப் பிரிவு. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. மற்றதெல்லாம் ஆறுதலாகத்தான் கதைத்தான். சங்கக்கடையில் கூப்பனுக்குத் தந்த எண்ணெயை அம்மா வித்துத்தான் அரிசி வாங்கினவ என்றான். நான் கேட்காமலே சொன்னான். பங்கரைப் பற்றி நிறையக் கேட்டான். அந்த 'ட' மூலைக்கு எத்தனை குத்தி போட்டது என்று அவனுக்கு இன்னும் எண்ணிக்கை தெரியும். இப்ப அது தூர்ந்துபோச்சு என்றேன்.

"உன்ர பேரை நான்தான் எழுதினனான்" என்று கடைசியில் சொல்லிவிட்டேன்.

"தெரியும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பின்னால் கொங்கிறீற் கலக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் பூவரசு நிக்குதோ?"

"இல்லை. மாடிக்கட்டடம் கட்டேக்குள்ள தறிச்சுப்போட்டினம்."

"சாய்" என்றான். "பங்கர் வெட்டேக்குள்ள அதுக்குக் கீழதான் இருந்து சாப்பிட்டனாங்கள். நல்ல நிழல்."